தோரணத்துக்கு 19 மணி நேரம்

சென்ற தீபாவளிக்குக் கெப்பாலா பத்தாஸ் பெர்த்தாமில் இருக்கும் என் அண்ணி வீட்டு வாசலில் ஒரு தோரணம் தொங்கியது. மாவிலைப் பச்சையில் 21 இலைகள், நடுநடுவே ஆரஞ்சு நிறத்தில் 11 சாமந்திப் பூக்கள், மேலே மஞ்சள் பட்டை. மொத்தமும் குரோஷே பின்னல். முறுக்கு சாப்பிட வந்தவர்கள் எல்லாரும் அதைத் தொட்டுப் பார்த்தார்கள், கைப்பேசியில் படம் எடுத்தார்கள், ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள்: "இவ்ளோ அழகா பின்றீங்க, வீட்ல சும்மா இருக்கிற நேரத்துல இதைப் பண்ணி ஆன்லைன்ல போடலாமே?" நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். இரண்டு நாளில் 14 பேர் சொன்னார்கள். "எனக்கு ஒண்ணு பின்னிக் கொடுங்க, என்ன விலை?" என்று அந்தப் 14 பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அந்த வாக்கியத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு. சொன்னவர்கள் மேல் இல்லை. அவர்கள் பாராட்டத்தான் வந்தார்கள். ஆனால் பெண்களின் கைவேலையைப் பற்றி நம்மிடையே நிலவும் மொத்த எண்ணமும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிக் கிடக்கிறது. கைத்திறன் இருந்தால் அதைக் காசாக்கிவிட வேண்டும். காசாக்க இடம் ஆன்லைன். அதற்கு ஆகும் நேரம் எப்படியும் வீணாகப் போகிற நேரம்தான், ஆகவே வருவதெல்லாம் லாபம். மாதர் சங்கக் கூட்டங்களில் இதைத்தான் பேசுகிறார்கள். தொழில்முனைவோர் பயிலரங்குகளில் இதையே படம் போட்டுக் காட்டுகிறார்கள். அமானா இக்தியார் மலேசியா 2024-இல் இந்தியப் பெண்களுக்கென்றே 5 கோடி வெள்ளி ஒதுக்கி ஒரு கடன் திட்டம் தொடங்கி, அதற்குப் 'பெண்' என்றே பெயரும் வைத்தது. நல்ல திட்டம். சாப்பாட்டுக் கடை, தையல், அழகு நிலையம் என்று நடத்துகிறவர்களுக்கு அந்தக் கடன் கைகொடுக்கும். கொக்கி ஊசியும் நூல்கண்டுமாக ஒருவர் அந்த வரிசையில் போய் நிற்கலாமா? கெப்பாலா பத்தாஸில் உட்கார்ந்து பின்னுகிற ஒரு பெண் தன் பின்னலை இணையச் சந்தையில் விற்கலாமா? கூடாது என்பது என் பதில். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்தத் தோரணத்தையே எடுத்துக்கொள்வோம். தீபாவளி முடிந்தபின் என் வீட்டுக்கும் ஒன்று பின்னித் தரச் சொன்னேன். அண்ணிதானே, சும்மா கொடுத்துவிடுவார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், இதை ஒளிப்பானேன். ஆனால் இந்த முறை பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் நேரம் குறித்தேன். 2.5 மில்லிமீட்டர் கொக்கி ஊசி, மில்க் காட்டன் நூல். ஒரு இலைக்கு 22 நிமிடம். சங்கிலி போட்டு, இரண்டு பக்கமும் உயரம் கூட்டிக் குறைத்து, நுனியைக் கூராக்கி, நடு நரம்புக்கு இளம்பச்சையில் ஓர் ஓட்டம். 21 இலைக்கு 7 மணி 42 நிமிடம். ஒரு பூவுக்கு 35 நிமிடம். அடுக்கடுக்காக இதழ் வைத்த சாமந்தி, சுற்று எண்ணிக்கை ஒன்று தவறினாலும் கிண்ணம்போல் மடங்கிக்கொள்ளும், பிரித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். 11 பூவுக்கு 6 மணி 25 நிமிடம். மேல் பட்டைக்கு 3 மணி நேரம். எல்லாவற்றையும் இணைத்து, தொங்கும் நூல் நுனிகளை ஒவ்வொன்றாக ஊசியில் கோத்து உள்ளே மறைக்க 2 மணி நேரம். பின்னத் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அந்தக் கடைசி இரண்டு மணி நேரத்தைத்தான் சபிப்பார்கள். மொத்தம் 19 மணி 7 நிமிடம். அந்த 7 நிமிடத்தை அண்ணி தள்ளுபடி செய்துவிட்டார்.

மலேசியாவில் குறைந்தபட்ச ஊதியம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கும் அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து அதுதான். மணிக் கணக்கில் 8 வெள்ளி 72 காசு. எந்த அனுபவமும் இல்லாமல் இன்று காலை வேலைக்குச் சேர்ந்தவருக்குச் சட்டம் தரச் சொல்லும் தொகை அது. அதையே வைத்துப் பெருக்கினால் 19 மணி நேரத்துக்கு 165 வெள்ளி 68 காசு. நூல் ஏழு கண்டு, கண்டு மூன்றரை வெள்ளி என்று 24 வெள்ளி 50 காசு. ஆக அந்தத் தோரணத்தின் அடக்க விலை 190 வெள்ளி. இதில் லாபம் என்று ஒரு காசு கிடையாது. இருபது வருடப் பழக்கத்துக்கும் ஒரு காசு கிடையாது.

அதே அளவில், ஏறத்தாழ அதே வடிவில், ஒரு பின்னல் தோரணம் இணையத்தில் என்ன விலை என்று தேடினேன். 29 வெள்ளி 90 காசு. தபால் செலவு இலவசம்.

"190-க்கு யார் வாங்குவா? 60 வெள்ளின்னு போடுங்க, ஓடும்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. சரி, 60 என்றே வைத்துக்கொள்வோம், அதுவும் தபால் செலவை வாங்குகிறவரே கட்டுவதாக. நூலுக்கு 24.50 போகும். பெட்டி, பபிள் ராப், டேப் என்று 3 வெள்ளி. சந்தைக்காரருக்குக் கழிவும் பணம் கைமாறும் கட்டணமுமாக 6 வெள்ளி என்று போடுங்கள். மிச்சம் 26 வெள்ளி 50 காசு. 19-ஆல் வகுத்தால் மணிக்கு 1 வெள்ளி 39 காசு. ஒரு மணி நேரம் குனிந்து பின்னினால் ஒரு தே தாரிக் குடிக்கக் காணாது. படம் எடுப்பதும், "இன்னும் குறைக்க முடியுமா சிஸ்?" என்று இரவு பதினொன்றுக்கு வரும் கேள்விகளுக்குப் பதில் போடுவதும், தபால் நிலையத்தில் காத்திருப்பதும் இந்தக் கணக்கில் இல்லை.

இங்கேதான் எல்லாரும் சொல்லும் அந்தப் பதில் வரும். "அட, அப்படி மணிக்கணக்கா பார்க்கக் கூடாது. அவங்க நாடகம் பார்த்துக்கிட்டேதானே பின்றாங்க? சும்மா இருக்கிற நேரம்தானே?"

அண்ணியின் ஒரு நாளைச் சொல்கிறேன். காலை ஐந்தரைக்கு எழுந்து பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பி, சமைத்து, துவைத்து, பதினொரு மணிக்கு என் அம்மாவின் கால் கட்டை அவிழ்த்துப் புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கட்டுகிறார். சர்க்கரைப் புண், ஆறு மாதமாக ஆறாதது. என் அம்மா, நான் செய்யாத வேலை. அதன்பிறகு மத்தியானம் ஒன்றரை மணி நேரம், இரவு எல்லாரும் படுத்தபின் ஒரு மணி நேரம், இவைதான் அந்தச் 'சும்மா இருக்கிற நேரம்'. ஒரு மனுஷி மூச்சு விட்டுக்கொள்ளும் நேரம் அது. பாயான் லெப்பாஸில் வேலை செய்கிற என் அண்ணன் இரவு நாற்காலியில் சாய்ந்து பந்து விளையாட்டுப் பார்க்கிறார். "சும்மா இருக்கிற நேரத்துல நாலு பேருக்குக் கணக்கு எழுதிக் கொடுத்து மணிக்கு 1.39 சம்பாதிக்கலாமே" என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை. அவருக்கு அது ஓய்வு. அவர் மனைவிக்கு மட்டும் அது பயன்படுத்தாமல் கிடக்கும் சரக்கு.

சட்டத்துக்குக்கூட இது கொஞ்சம் உறைத்திருக்கிறது. இல்லத்தரசிகளுக்கான சொக்சோ காப்புறுதி 2022 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. ஆண்டுக்கு 120 வெள்ளி கட்டினால், வீட்டு வேலை செய்கையில் விழுந்தாலோ அடிபட்டாலோ இழப்பீடு உண்டு. வீட்டில் ஒரு பெண் செய்வது வேலை, அதில் விபத்து நேரும் என்று நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது. தீபாவளிக்கு முறுக்கு சாப்பிட வந்தவர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இந்தச் 'சும்மா இருக்கிற நேரம்' என்ற பேச்சு இணையத்தோடு வந்தது என்று நினைத்தால் அது தவறு. ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் நர்சாப்பூர் என்று ஓர் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகள் அங்கே ஏழைக் கிறிஸ்தவப் பெண்களுக்குக் குரோஷே லேஸ் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு அது மற்ற சாதிப் பெண்களிடமும் பரவி, ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. மரியா மீஸ் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளர் 1970-களின் கடைசியில் அங்கே போய்த் தங்கி ஆய்வு செய்தார். அது 1982-இல் நூலாக வந்தது. அவர் கண்ட காட்சியை நினைத்துப் பாருங்கள். வெளியே வேலைக்குப் போவது கௌரவக் குறைவு என்று வீட்டுக்குள்ளேயே இருந்த காப்பு சாதிப் பெண்கள் நாளெல்லாம் வீட்டு வேலைக்கு நடுவே பின்னுகிறார்கள். பூவை ஒருத்தி பின்ன, அதை இணைப்பவள் இன்னொருத்தி. முழுப் பொருள் எந்த நாட்டு மேசையில் விரிக்கப்படுகிறது என்று இருவருக்கும் தெரியாது. தரகர், வியாபாரி, ஏற்றுமதியாளர் எல்லாம் ஆண்கள். அவர்களைக் கேட்டால் ஒரே பதில்: இவர்கள் தொழிலாளிகள் இல்லை, இல்லத்தரசிகள், ஓய்வு நேரத்தில் பொழுதுபோக்காகப் பின்னுகிறார்கள். ஓய்வு நேரத்துக்கு யாராவது கூலி நிர்ணயிப்பார்களா? கூலி சட்டக் கூலிக்கு வெகு கீழே கிடந்தது. மீஸ் கணக்கெடுத்துப் பார்த்தபோது, அதே வட்டாரத்தில் வயலில் இறங்கி நாற்று நட்ட தலித் பெண்களின் கூலி, கௌரவமாக வீட்டுக்குள் உட்கார்ந்து லேஸ் பின்னியவர்களின் கூலியைவிட அதிகமாக இருந்தது.

நாற்று நடுகிறவளை யாரும் 'சும்மா இருக்கிறாள்' என்று சொல்ல முடியாது. அவள் தொழிலாளி என்பது ஊர் அறிந்தது. அந்தப் பெயர் இருந்ததால் கூலி பேச முடிந்தது. பெயர் இல்லாத இடத்தில் பேச்சே இல்லை. நர்சாப்பூர் லேஸுக்கு 2024-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஊர்ப் பெயருக்குக் காப்பு வந்துவிட்டது, நல்லது.

இன்று நம் ஊர்ப் பெண்ணிடம் 'நீயே முதலாளி' என்கிறார்கள். நர்சாப்பூரில் தரகர் வீட்டு வாசலுக்கு வந்து வாங்கிப் போனார், இன்று கைப்பேசிக்குள் இருக்கிறார். அவ்வளவுதான் மாற்றம். விலையை யாரோ ஒருவர் வைக்கிறார். அது எங்கே போகிறது, அடுத்த மாதம் இருக்குமா என்று பின்னுகிறவருக்குத் தெரியாது. முன்பு நூலையாவது வியாபாரி கொடுத்தார். இப்போது நூலும் கைக்காசு.

அந்த 29.90 தோரணத்துக்கு வருகிறேன். அது எப்படி அவ்வளவு மலிவு என்று கேட்டால் "சீனாவில் மிஷின்ல போடுறான்" என்று பதில் வரும். இது தப்பு, பெரிய தப்பு. ஸ்வெட்டர் பின்னும் நிட்டிங் வேலைக்கு இயந்திரம் உண்டு, நானூறு ஆண்டாக உண்டு. குரோஷே வேலையைச் சந்தைக்கு வேண்டிய அளவில் செய்யும் இயந்திரம் இதுவரை கிடையாது. ஒரு கொக்கி, ஒரு கண்ணி. ஒவ்வொரு கண்ணியும் முந்தைய வரிசையில் எங்கே குத்தி எடுப்பது என்று கை முடிவு செய்ய வேண்டும். கடையில் 'குரோஷே' என்று தொங்கும் சில சட்டைகள் வேறு வகைப் பின்னல் இயந்திரத்தில் வந்த போலிகள். ஆனால் தோரணம், பொம்மை, பூங்கொத்து என்று உருவம் உள்ளது எதுவாக இருந்தாலும் அது யாரோ ஒருவர் கையால் பின்னியதுதான்.

அப்படியானால் 29.90-க்குள் எங்கோ ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்கும் ஏறக்குறைய அதே 19 மணி நேரம் ஆகியிருக்கும். கை பழகியிருந்தால் 15 ஆகியிருக்கலாம். நூல், தபால், கழிவு எல்லாம் போக அவள் கைக்கு என்ன போயிருக்கும் என்று கணக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. அவளையும் யாரோ 'சும்மா இருக்கிற நேரத்துல பண்ணலாமே' என்றுதான் சொல்லியிருப்பார்கள். இணையச் சந்தையில் அண்ணி போட்டியிட வேண்டியது இயந்திரத்தோடு என்றால்கூடப் பரவாயில்லை, 'இது கைவேலை' என்று சொல்லி வேறு விலை கேட்கலாம். தன்னைவிட இக்கட்டில் இருக்கும் இன்னொரு பெண்ணின் கையோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. அந்தப் போட்டியில் ஜெயிக்க ஒரே வழி, அவளைவிடக் குறைவாகத் தன்னை மதித்துக்கொள்வது. வெளிநாட்டிலிருந்து வரும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கு 2024 ஜனவரியிலிருந்து அரசாங்கம் 10 விழுக்காடு விற்பனை வரி போடுகிறது. உள்ளூர் வியாபாரிகளைக் காப்பாற்றத்தான். 29.90-க்கு அந்த வரி 3 வெள்ளி. 160 வெள்ளி பள்ளத்தில் 3 வெள்ளி மண்.

பினாங்குக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்கக் கூடாது. 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக மண்டலம் திறந்தது. இன்டெல் அதே ஆண்டு வந்தது. அந்தக் காலத்தில் அந்நிய முதலீட்டாளர்களை அழைக்க மலேசிய அரசு வெளியிட்ட விளம்பரக் கையேடு ஒன்று உலகப் புகழ் பெற்றது, வெட்கப்படத்தக்க விதத்தில். கிழக்கத்தியப் பெண்ணின் கைகள் சிறியவை, வேகமாகவும் கவனமாகவும் வேலை செய்பவை, பிறவியிலேயே இதற்குத் தோதானவள் என்று அதில் இருந்தது. விரல் நுணுக்கத்தைப் புகழ்கிறார்கள் என்றால் அடுத்து மலிவாகக் கேட்கப் போகிறார்கள் என்று நாம் அப்போதே தெரிந்துகொண்டிருக்க வேண்டும். நுண்ணோக்கியில் கண் பதித்துக் கம்பி ஒட்டிய அந்தப் பெண்களில் நம் தோட்டங்களிலிருந்து போனவர்களும் உண்டு. ஆனாலும் அவர்களுக்குச் சம்பளச் சீட்டு இருந்தது. ஓவர்டைம் இருந்தது, இபிஎஃப் இருந்தது, சொக்சோ இருந்தது. அதற்கும் முன்னால், ரப்பர்த் தோட்டத்தில் இருட்டோடு பால் மரம் வெட்டப் போன நம் பாட்டிகளுக்குத் தோட்டத்தின் ஆள் பதிவேடான செக்ரோலில் பெயர் இருந்தது. மூன்று தலைமுறையில் நாம் பேத்திகளுக்குக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கும் முன்னேற்றம், செக்ரோலும் இல்லாத, சீட்டும் இல்லாத மணிக்கு 1.39.

"எல்லா ஆன்லைனும் ஒன்றா? கைவேலைக்கென்றே தனிச் சந்தை இருக்கிறதே, வெள்ளைக்காரர்கள் நல்ல விலை கொடுப்பார்களே" என்று படித்த பிள்ளைகள் எட்ஸியைச் சொல்வார்கள். எட்ஸி 2005-இல் நியூயார்க்கில் தொடங்கியபோது கையால் செய்பவர்களுக்கான சந்தை என்றுதான் தொடங்கியது. 2013-இல் வெளித் தயாரிப்பாளர்களிடம் கொடுத்துச் செய்தும் விற்கலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். 2015-இல் பங்குச் சந்தைக்குப் போனார்கள். விற்பனைக் கழிவு மூன்றரை விழுக்காடாக இருந்தது. 2018-இல் 5 ஆனது, 2022 ஏப்ரலில் 6.5 ஆனது. அந்த ஏப்ரலில் ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் ஒரு வாரம் கடையை மூடி வேலைநிறுத்தம் செய்தார்கள். தன் கடைக்குத் தானே முதலாளி என்று சொல்லப்பட்டவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள்.

அண்ணியும் ஒருமுறை முயன்றுதான் பார்த்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். தோரணம் இல்லை, ஆறு தேநீர்க் கோப்பை விரிப்புகள். ஓர் இணையச் சந்தையில் போட்டு, மூன்று வாரம் கழித்து ஒருவர் வாங்கினார். பன்னிரண்டு நாள் கழித்து "படத்தில் உள்ள நிறம் இல்லை" என்று திருப்பி அனுப்பினார். விரிப்பில் மைலோ கறை. பணம் அவருக்குத் திரும்பிப் போய்விட்டது. அண்ணி கோபப்படவில்லை, கறையைத் துவைத்து எடுத்துவிட்டார். எனக்குத்தான் ஆறவில்லை.

என் வாதத்துக்கு எதிரே வைக்கக்கூடிய பலமான சாட்சி ஒன்று உண்டு. அதை மறைத்துவிட்டு ஜெயிக்க விருப்பமில்லை. நாகர்கோவில். 1819-இல் அங்கே வந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட், பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது குரோஷே இல்லை, திண்டில் நூல்கட்டைகளை வைத்துப் பின்னும் வேறு வகை. ஆனால் பொறுமையும் கண் நோவும் ஒன்றுதான். அன்றைய திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. அது ஒழிந்தது 1855-இல். அதற்கு முன்பே, லேஸ் வேலையில் கிடைத்த கூலியைச் சேர்த்து, அந்தப் பணத்தைக் கொடுத்துத் தங்களை விடுவித்துக்கொண்ட பெண்கள் அங்கே இருந்தார்கள். மால்டின் மகள் எலைசா, ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லை மணந்து, இடையன்குடியிலும் லேஸ் வேலையைத் தொடங்கினார். நூல் பின்னி விடுதலை வாங்க முடிந்ததே, அப்புறம் என்ன?

முடிந்தது, மறுக்கவில்லை. ஆனால் எதனால் முடிந்தது? அந்தப் பெண்கள் லேஸ் செய்தது ஒரு வேலையாக. அதற்குக் கூலி என்று ஒன்று இருந்தது, அது கைக்கு வந்தது, அதைச் சேர்க்க முடிந்தது. விற்கும் பாடு வேறு ஒருவருடையது. வாங்குபவரைத் தேடியது மிஷன். அவர்கள் பின்னலுக்கு வெறும் பொழுதுபோக்கு என்று பெயர் சூட்டி வாங்கியிருந்தால் ஒருத்திகூடத் தன் விலையைக் கட்டியிருக்க முடியாது. நர்சாப்பூரிலும் நூல், நாகர்கோவிலிலும் நூல், இரண்டு இடத்திலும் மிஷனரி அம்மாள்கள். வேறுபாடு கூலியில் இருந்தது. நான் கேட்பதும் அந்தக் கூலியைத்தான்.

இன்னொரு தரப்பும் என்னோடு சேர்ந்து தலையாட்டுகிறது. அவர்களை நான் சேர்த்துக்கொள்ள மாட்டேன். "கலையைக் காசாக்கினால் ஆனந்தம் போய்விடும், மனசுக்காகப் பின்னுங்கள்" என்பவர்கள். மாதச் சம்பளம் வருகிறவர்கள் சொல்லும் பேச்சு இது. அண்ணிக்கு மனசும் உண்டு, இரண்டு பிள்ளைகளின் டியூஷன் கட்டணமும் உண்டு. பின்னலை விற்பதில் ஓர் அசிங்கமும் இல்லை. கறிவேப்பிலையை விற்கலாம், கவிதையை விற்கலாம், தோரணத்தை விற்கக் கூடாதா? விலைக்கு விற்க வேண்டும் என்பதுதான் பேச்சு.

விலை கிடைக்கும் இடம் எது? என் அனுபவத்தில், பின்னுகிறவரின் முகம் தெரிந்த இடம். கெப்பாலா பத்தாஸிலிருந்து பட்டர்வொர்த்துக்குள் எத்தனை கோவில், எத்தனை கல்யாணம், எத்தனை புதுமனை புகுவிழா! ஒரு மாலைக்கும் மேடைக்கும் நூறு நூறாகக் கொடுத்து மறுநாள் குப்பையில் போடுகிற நாம், பத்து வருடம் வாசலில் தொங்கும் தோரணத்துக்கு 190 கொடுக்கக் கூடாதா? கேட்கிறவர் எதிரே உட்கார்ந்து 'ஒரு இலைக்கு 22 நிமிடம்' என்று சொன்னால் பேரம் பேசும் வாய் அடைத்துப் போவதை நானே பார்த்திருக்கிறேன். அடைத்துப்போன முதல் வாய் என்னுடையது. முன்பணம் பாதி வாங்கிக்கொண்டு, கேட்ட பிறகு பின்னுவது. சரக்குப் பின்னி அடுக்கி வைத்துக் காத்திருப்பது கூடவே கூடாது. அதற்குக் கடன் வாங்குவது அதைவிட ஆகாது.

சொல்லிக்கொடுப்பதும் ஒரு வழி. வகுப்புக்கு மணிக் கணக்கில்தான் கட்டணம், அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஒரே கைத்திறன், கற்பித்தால் மட்டும் நேரத்துக்கு மதிப்பு வந்துவிடுகிற வேடிக்கையைப் பாருங்கள். பின்னும் முறையைப் படம் போட்டு எழுதி, அந்தக் குறிப்பை இணையத்தில் விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கு நான் எதிரியில்லை. ஒருமுறை எழுதினால் நூறுமுறை விற்கலாம், நூறுமுறை 19 மணி நேரம் உட்கார வேண்டியதில்லை. இணையத்துக்கு ஏற்ற சரக்கு அதுதான். அண்ணிக்கு அதில் நாட்டம் இல்லை, எழுத்து வேலை என்றாலே கொட்டாவி விடுகிறார்.

"அப்படிச் செய்தால் வருடத்துக்கு ஐந்தாறு தோரணம்தானே விற்கும்?" ஆமாம், ஐந்தாறுதான். ஆறு தோரணத்துக்குக் கூலியாக நிற்பது ஏறக்குறைய ஆயிரம் வெள்ளி, 114 மணி நேர உழைப்பு. இணையத்தில் 60 வெள்ளிக்கு விற்று அந்த ஆயிரத்தைப் பார்க்க 38 தோரணம் பின்ன வேண்டும், 722 மணி நேரம். மிச்சமாகும் 608 மணி நேரத்தில் அண்ணி தூங்கலாம். இல்லை, நிஜமாகவே சும்மா இருக்கலாம். அவருக்கு அது வாய்த்து ரொம்ப நாளாகிறது.

ஆகவே, அடுத்த முறை யார் வீட்டிலாவது ஒரு பின்னல் வேலையைப் பார்த்து வியந்தால், தயவுசெய்து ஆன்லைன் யோசனை சொல்லாதீர்கள். பிடித்திருந்தால் எவ்வளவு நேரமானது என்று கேளுங்கள், விலை கேளுங்கள், கொடுக்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு இன்னொரு முறுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணி இப்போது நூல் வைக்கும் அலமாரியின் உள்பக்கக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். 'தோரணம் 190. முன்பணம் 95.' வரும் தீபாவளிக்கு இதுவரை இரண்டு பேர் பணம் கட்டியிருக்கிறார்கள். அதில் ஒருவர், சென்ற முறை ஆன்லைன் யோசனை சொன்ன 14 பேரில் ஒருவர்.